அப்பாவுக்கு, நாடி பத்தி

அன்புள்ள அப்பா,

நான் நல்லா இருக்கேன். நீங்க கேட்டதுக்கு போன்லயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனா நடுவுல அம்மா வாங்கிட்டு தூங்கினியா குளிருதான்னு ஆரம்பிச்சா பேச்சு எங்கயோ போயிடுது, அதான் உக்காந்து டைப் பண்றேன். தம்பிகிட்ட பிரிண்ட் எடுத்து தரச் சொல்லுங்க, போன்ல பொடி எழுத்தா படிச்சு கண்ண கெடுத்துக்காதீங்க.

"நீ அங்க படிக்கற பிசிக்ஸ் நம்ம வைத்தியத்த ஒத்துக்குதா இல்லையா"ன்னு கேட்டீங்க. ஏப்ரல்ல ஜெர்மனி வந்ததுலேர்ந்து இதே கேள்விதான் எனக்கும். கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் சொன்னது ஞாபகம் இருக்கா, மூணு விரல வச்சுக்கிட்டு என்னத்தப்பா கண்டுபிடிக்கறீங்கன்னு. நீங்க பதிலே பேசாம எழுந்து போயிட்டீங்க. அத நினைச்சா இப்பவும் எனக்கு தொண்டை அடைக்குது. மன்னிச்சுக்கோங்கப்பா. ஆனா மன்னிப்பு கேக்கறதுக்காக உங்களுக்கு பிடிச்ச மாதிரியே எல்லாத்தையும் எழுதிட மாட்டேன், அது உங்களுக்கு பண்ற மரியாதையா இருக்காது.

இங்க டிசம்பர் ஆயிடுச்சு, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிடுது. குளிர் ஆரம்பிச்சதும் நான் ரூம் ஜன்னல இறுக்கி மூடிட்டு ஹீட்டர் போட்டுக்கிட்டு கிடந்தேன். ஒரே மாசம், அலமாரிக்கு பின்னால சுவத்துல கறுப்பா பூஞ்சை. வீட்டுக்கார அம்மா வந்து பாத்துட்டு ரெண்டு ஜன்னலையும் முழுசா திறந்து விட்டாங்க, வெளிய மைனஸ் ரெண்டு டிகிரி. அஞ்சு நிமிஷம், அப்புறம் மூடிட்டாங்க. தினம் ரெண்டு தடவை இப்படி பண்ணணுமாம். சூடெல்லாம் போயிடுமேன்னு நான் கேட்டேன், அப்புறம் யோசிச்சா அவங்க சொல்றதுதான் சரி, காத்து ரொம்ப கொஞ்சம் சூட்டத்தான் பிடிச்சு வைக்கும், சூடு இருக்கறது சுவத்துலயும் சாமான்லயும். போறது என் மூச்சுலேர்ந்து வந்த ஈரம். மூடியே வச்ச வீடு கெட்டுப்போகுது, திறந்தே வச்சா விறைச்சுப்போகுது, உள்ள வர்றதும் வெளிய போறதும் ஒரு அளவுல நடந்தாத்தான் வீடு வீடா நிக்குது. அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டு இருக்கும்போது "மிகினும் குறையினும் நோய்செய்யும்"னு நீங்க திண்ணைல வர்றவங்களுக்கெல்லாம் சொல்ற குறள்தான் ஞாபகம் வந்துச்சு. வளி கூடினாலும் நோய், குறைஞ்சாலும் நோய். இத்தன வருஷம் காதுல விழுந்தும் நான் அத கேக்கவே இல்லப்பா.

ஷ்ரோடிங்கர்னு ஒருத்தர், குவாண்டம் பிசிக்ஸ்ல பெரிய ஆள், ஹிட்லர் காலத்துல சொந்த நாட்ட விட்டுட்டு அயர்லாந்துல போய் இருந்தார். 1943ல டப்ளின்ல உயிர்னா என்னன்னு தொடர் சொற்பொழிவு பேசினார். எந்தப் பொருளா இருந்தாலும் விட்டா ஒழுங்கு கலைஞ்சு சமநிலைக்கு போய் அடங்கிடும், உயிர் மட்டும் அப்படி அடங்காம நிக்குதே எப்படின்னு கேட்டார். அவர் சொன்ன பதில், உயிர் வெளியிலேர்ந்து ஒழுங்க உறிஞ்சிக்கிட்டே இருக்கு. பாத்தீங்களா, பிசிக்ஸ்ல சமநிலைன்னா சாவு. நீங்க சொல்ற சமநிலை வேற, ஓடிக்கிட்டே நிலையா நிக்கறது, ஆத்துச் சுழி மாதிரி, தண்ணி மாறிக்கிட்டே இருக்கும் சுழி அங்கயே இருக்கும். சிவப்பணுவுக்கு ஆயுசு 120 நாள் பக்கம்தான். நான் வந்து எட்டு மாசம் ஆச்சு. கிளம்பற அன்னிக்கு நீங்க என் இடது கைய பிடிச்சு நாடி பாத்தப்போ ஓடின சிவப்பணு ஒண்ணுகூட இப்ப எனக்குள்ள இல்லப்பா, ஆனா கைய பிடிச்சா இது என் பொண்ணோட நாடின்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு நம்பறேன்.

உடம்புல தீ இருக்குன்னு நீங்க சொல்றதையும் சும்மா உவமைன்னுதான் நினைச்சிருந்தேன். சும்மா உக்காந்திருக்கற மனுஷன் 100 வாட் வெப்பம் விடறான், பழைய குண்டு பல்பு ஒண்ணோட கணக்கு. ஒரு கிலோ சூரியனையும் ஒரு கிலோ மனுஷனையும் பக்கத்துல வச்சு பாத்தா நம்ம உடம்புதான் பல ஆயிரம் மடங்கு அதிகமா வெப்பம் விடுது. இத முதல்ல கணக்கு போட்டப்ப தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சு மூணு தடவை போட்டுப் பாத்தேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ரயில்ல ஹைல்பிரான்னு ஒரு ஊருக்குப் போனேன், ராபர்ட் மேயரோட ஊர். அவருக்கு அங்க சிலை இருக்கு. இவர பத்தி உங்களுக்கு சொல்லணும்னே போனேன்னு வச்சுக்கோங்க. டாக்டர் அவர். 1840ல 25 வயசுல கப்பல் வைத்தியரா ஜாவா போனார். அங்க மாலுமிங்களுக்கு காய்ச்சல்னு அந்தக் கால வழக்கப்படி கைல நரம்ப கீறி ரத்தம் எடுத்தா, கறுஞ்சிவப்பா வரவேண்டியது நல்ல சிவப்பா வந்துச்சு, இதயத்துலேர்ந்து ரத்தம் கொண்டு வர்ற குழாயான தமனிய வெட்டிட்டோமோன்னு பயந்துட்டார். வெப்ப நாட்டுல இப்படித்தான் இருக்கும்னு அங்க இருந்த டாக்டருங்க சொன்னாங்க. அவங்க அதோட விட்டுட்டாங்க, இவர் விடல. வெளிய வெயில் அடிக்கும்போது உடம்பு தன்ன சூடா வச்சுக்க கொஞ்சமா எரிச்சா போதும், அதனால ஆக்சிஜன் மிச்சம், அதான் சிவப்புன்னு யோசிச்சு, அங்கேர்ந்து உடம்பு எரிக்கறதும் உழைக்கறதும் வெப்பமும் ஒரே கணக்குல வரணும்னு போய், 1842ல ஆற்றல் அழியறதில்ல உரு மாறுதுன்னு எழுதிட்டார். முதல்ல அனுப்பின கட்டுரைய பத்திரிகைல போடவே இல்ல, ரொம்ப வருஷம் யாரும் மதிக்கல, மனசு ஒடிஞ்சுபோய் மனநல விடுதில அடைபட்டு கிடந்தார் பாவம். பிசிக்ஸோட இவ்வளவு பெரிய விதி ஒரு வைத்தியர் நோயாளியோட கைய பிடிச்சுக்கிட்டு ரத்தத்தோட நிறத்த உத்துப் பாத்ததுலேர்ந்து வந்திருக்கு. அந்த சிலைகிட்ட குளிர்ல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டு இருந்தேன்.

இப்ப நாடிக்கு வரேன். எங்க லேப்ல பேனா மாதிரி ஒரு சென்சார், மணிக்கட்டுல தமனி மேல வச்சு அழுத்தணும். முதல் வாரம் எனக்கு வரவே இல்ல. லேசா வச்சா ஒண்ணும் தெரியாது, அழுத்திட்டா அலையே செத்துப்போகுது. குழாய் மேல்பக்கம் கொஞ்சமே கொஞ்சம் தட்டையாகற அளவுக்கு அழுத்தி, கை நடுங்காம, அப்படியே இருக்கணும். எங்க சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்தப்போ உங்க குரல்தான் கேட்டுச்சு, "அழுத்தாத, விட்டுடவும் செய்யாத, விரல வச்சுட்டு காத்திரு". கண்ண மூடிக்கிட்டு அப்படியே பண்ணினேன், ஸ்கிரீன்ல அலை வந்துடுச்சு. செங்குத்தா ஒரு ஏத்தம், இறங்கும்போது ஒரு சின்ன பள்ளம், அது இதயத்தோட வால்வு மூடற நேரம், அப்புறம் தமனி கிளை பிரியற இடங்கள்ல மோதி திரும்பி வர்ற அலையும் இதோட கலந்திருக்கும்.

நாடில துடிக்கறது ரத்தம் வந்து சேர்றது இல்லப்பா. ரத்தம் பெரிய தமனிலயே உச்ச வேகத்துல செகண்டுக்கு ஒரு மீட்டர் பக்கம்தான் ஓடும். அலை ஓடறது, சின்ன வயசுல 5, 6 மீட்டர், வயசாகி குழாய் விறைச்சா 10 மீட்டருக்கு மேல. ரத்தம் வர்றதுக்கு முன்னாடி சேதி வந்துடுது. வெளிச்சம் அலைன்னு சோதனை பண்ணிக் காட்டின தாமஸ் யங் இருக்காரே, அவரும் டாக்டர்தான், 1808லயே இந்த தமனி அலைய பத்தி பேசியிருக்கார். நாடி துள்ளுது, நாடி விறைப்பா இருக்குன்னு நீங்க சொல்றது எதுவும் கற்பனை இல்ல, ஸ்கிரீன்ல அலையோட வடிவமாவே தெரியுது.

ஆனா இதையும் சொல்லணும். உங்க ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல ரெண்டு சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, 10 மீட்டர் வேகத்துல அலை அத ரெண்டு மில்லிசெகண்டுல தாண்டிடும். மூணு விரலுக்கு அடியிலயும் போறது ஒரே அலைதான். வாதம் ஒரு விரல்ல, பித்தம் ஒரு விரல்ல, கபம் ஒரு விரல்லன்னு தனித்தனியா மூணு ஓடலப்பா, அப்படி ஓட வழியே இல்ல. அப்ப உங்க விரல்ல வித்தியாசமா தெரியறது என்ன? எலும்பு ஒரு இடத்துல மேல இருக்கு, ஒரு இடத்துல தமனி ஆழமா போகுது, நீங்க ஒவ்வொரு விரலையும் ஒவ்வொரு அளவுல அழுத்தறீங்க, அதுல ஒரே அலை மூணு மாதிரி தெரியலாம்னு நினைக்கறேன். இது என் ஊகம்தான், உங்க விரல் இல்லாம என்னால சோதிக்க முடியாது.

அப்புறம் நீங்க அனுப்பின அந்த வீடியோ, நாடி வழியா குவாண்டம் எனர்ஜி பாயுதுன்னு ஒருத்தர் பேசி தகடு விக்கறாரே, தயவுசெஞ்சு அத யாருக்கும் அனுப்பாதீங்க. நம்ம உடம்புல என்சைம்ங்க வேலை செய்யற இடத்துல குவாண்டம் விளைவு நிஜமாவே இருக்கு, அது அணு அளவுல நடந்து முடியற விஷயம். அதுக்கும் அந்த தகட்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. நாப்பது வருஷம் கைய பிடிச்சுப் பிடிச்சு நீங்க கத்துக்கிட்டதுக்கு இந்த மாதிரி கடன் வாங்கின வார்த்தை எதுக்குப்பா.

பழைய வைத்தியமும் அறிவியலும் உண்மையா சேர்ந்தா எப்படி இருக்கும்னா, சீனாவுல து யூயூன்னு ஒரு விஞ்ஞானி அம்மா பண்ணினது. மலேரியா மருந்து தேடற வேலை 1967ல அங்க ஆரம்பிச்சுது. அவங்க எடுத்த மூலிகைச் சாறு ஒரு தடவை வேலை செய்யும், ஒரு தடவை செய்யாது. அப்ப நாலாம் நூத்தாண்டு வைத்தியர் கெ ஹாங் எழுதினத திரும்பப் படிக்கறாங்க, ஒரு கைப்பிடி செடிய தண்ணில நனைச்சு பிழிஞ்சு குடின்னு இருக்கு. காய்ச்சச் சொல்லவே இல்ல. உடனே 35 டிகிரிலயே கொதிக்கற ஈதர்ங்கற திரவத்த வச்சு சூடு படாம எடுத்தாங்க, 1971ல எலிங்களுக்கு முழுசா குணமாச்சு, அடுத்த வருஷம் முதல்ல தானே குடிச்சுப் பாத்துட்டுத்தான் நோயாளிங்களுக்கு கொடுத்தாங்க. 2015ல நோபல். அந்த மருந்துல ரெண்டு ஆக்சிஜன் கைகோத்துக்கிட்டு நிக்குது, காய்ச்சற சூடு மருந்த கெடுத்துடுமோன்னுதான் அவங்க யோசிச்சாங்க. சாறு பிழியற மூலிகைய அடுப்புல ஏத்தாத, ஒரு சாமத்துக்கு மேல வைக்காதன்னு நீங்க என்ன திட்டினது இத படிக்கும்போது ஞாபகம் வந்து சிரிச்சுட்டேன், சந்தோஷத்துலதான்.

நம்ம கீழாநெல்லிக்கும் அப்படி ஒரு நேரம் வந்துச்சு. 1988ல சென்னை ஆராய்ச்சியாளருங்க, மஞ்சக்காமாலை பி வைரஸ கண்டுபிடிச்ச பிளம்பெர்க்கோட சேர்ந்து வெளியிட்டாங்க, வைரஸ சுமந்துக்கிட்டு இருந்த 37 பேருக்கு கொடுத்ததுல 22 பேருக்கு ரத்தத்துல அதோட அடையாளம் மறைஞ்சுடுச்சு, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். அப்புறம் மத்த இடங்கள்ல பண்ணினப்ப அந்த மாதிரி வரல. உங்களுக்கு கஷ்டமா இருக்கும்னு தெரியும். அதனால பி வைரஸ்னு ரிப்போர்ட்ல இருக்கறவங்கள கண்டிப்பா ஆஸ்பத்திரிக்கும் அனுப்புங்க.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு. செந்தூரம், பற்பம், பாதரசம் மாதிரி உலோகத்த புடம் போட்டு பண்ற மருந்துங்க. சுத்தி பண்ணி புடம் போட்டா விஷம் போயிடும்னு சொல்வீங்க. நெருப்பு சேர்மானத்த மாத்தும்ப்பா, பாதரச அணுவ வேற அணுவா மாத்தவே முடியாது, அதுக்கு சூரியனுக்குள்ள இருக்கற சூடுகூட போதாது. 2008ல இன்டர்நெட்ல வித்த 193 ஆயுர்வேத மருந்த சோதிச்சு பாத்தாங்க, அஞ்சுல ஒண்ணுல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துச்சு. நீங்க பண்றத லேப்ல கொடுத்து பாக்கற வரைக்கும் குழந்தைங்களுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் கொடுக்காதீங்க. இத கெஞ்சிக் கேக்கறேன்.

எனக்காக ஒரு வேலை பண்ணுங்க. ஒரு நோட்டு போட்டு, வர்றவங்க சொல்றதுக்கு முன்னாடி, மூஞ்சிய பாக்காம, நாடிய மட்டும் பாத்து எந்த விரல்ல என்ன தெரிஞ்சுதுன்னு உங்க வார்த்தைல எழுதி வைங்க. பேர் வேண்டாம், நம்பர் போதும். ஆகஸ்ட்ல நான் லீவுல வரும்போது சென்சார் கொண்டு வர கேட்டிருக்கேன், ஒரே ஆளோட ஒரு கைல நீங்க, இன்னொரு கைல நான், நடுவுல துணி கட்டி. அடுத்த நாள் அதே ஆளுங்கள வரிசைய மாத்தி அனுப்புவேன், நீங்க அதே சொல்றீங்களான்னு பாக்கணும். நேத்து ராத்திரி என் இடது கைய நானே பிடிச்சுப் பாத்தேன், விரல் குளிர்ல மரத்துப்போய் இருந்துச்சு, தேச்சு சூடு பண்ணிட்டு வச்சேன். நடுவிரல்ல நல்லா எழும்புது, மோதிர விரல்ல மெதுவா ஒரு இழுப்பு மாதிரி. அத நீங்க என்னன்னு சொல்வீங்க?

உங்க பொண்ணு