முதலில் மரத்தைச் சுற்றி ஒரு கயிறு பிடி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமென்று நம்புகிறேன்.

அமெரிக்காவில் உன் ஆஸ்டின் வீட்டுத் தோட்டத்தில் கட்டப்போவதாக நீ அனுப்பிய நீச்சல் குளத்தின் வரைபடத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாப்பா நீந்தப் பழக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆறு வயதில் உன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டவன் நான். என் கவலையெல்லாம் இடத்தைப் பற்றியதுதான். அங்கே நிற்கும் பெரிய ஓக் மரத்திலிருந்து எட்டடி என்று போட்டிருக்கிறது.

நம் களத்துமேட்டுப் புளியமரம் நினைவிருக்கிறதா? நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் அதை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி கட்டினேன். பொக்லைன் வந்து ஒரே நாளில் குழி எடுத்தது. கை கனத்தில் நாலைந்து வேர்கள் அறுந்தன. "இத்தனை பெரிய மரத்துக்கு நாலு வேர் போனால் என்ன?" என்றார் குழி எடுத்தவர். நானும் தலையாட்டினேன். அந்த வருடம் காய்ப்புகூடக் குறையவில்லை. மறுவருடம் உச்சிக் கொம்புகள் மொட்டையாயின. மூன்றாம் வருடம் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. தொட்டி இருந்தது மேற்கே. ஆடிக் காற்று வருவதும் மேற்கிலிருந்து. இழுத்துப் பிடிக்க அந்தப் பக்கம் வேர் இல்லை. உன் தாத்தா நட்ட மரம் அது. உன்னிடம் "காற்றில் விழுந்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன். தொட்டியைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் குளம் கட்டுபவரும் "வேரைக் கொஞ்சம் வெட்டினால் ஒன்றும் ஆகாது" என்றாராமே. அவர் வேலை முடிந்து போன பிறகுதான் மரம் வாடத் தொடங்கும். மூன்று, நான்கு வருடம்கூட ஆகலாம். அதற்குள் யாரும் குளத்தையும் மரத்தையும் சேர்த்து நினைக்க மாட்டார்கள்.

வேர் ஆழத்தில் இருக்கிறது என்று நினைக்காதே. பெரும்பகுதி மேலாக இரண்டடி மண்ணுக்குள்தான் ஓடுகிறது, கிளை விரிந்த எல்லையையும் தாண்டி. உன் வீட்டில் அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. ரோஜாச் செடிக்குக் குழி எடுத்தபோது கடப்பாரை ணங்கென்று நின்றதை நானே பார்த்தேன். அந்த மரத்துக்குப் பக்கவாட்டில் படர்வதைத் தவிர வழியில்லை.

ஆஸ்டின் நகராட்சி இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எத்தனை அங்குலமோ, சுற்றிலும் அத்தனை அடி வேரின் எல்லை. அதில் பாதித் தூரத்துக்குள் நான்கு அங்குலத்துக்கு மேல் மண்ணைத் தோண்டவோ கொட்டி உயர்த்தவோ கூடாது. 19 அங்குல விட்டம் இருந்தாலே பாதுகாக்கப்பட்ட மரம். ஓக் 24 அங்குலத்தைத் தொட்டால் இன்னும் கடுமையான விதிகள். சென்ற முறை வந்திருந்தபோது அந்த மரத்தை இரு கைகளாலும் கட்டிப் பிடித்தேன். விரல்கள் சேர ஒரு சாண் குறைந்தது. சுற்றளவு எழுபத்தைந்து அங்குலத்துக்குக் குறையாது, விட்டம் 24 வரும். அப்படியானால் பாதித் தூரமே பன்னிரண்டு அடி. உன் எட்டடி எங்கே நிற்கிறது, பார்.

மரத்துக்கு வரும் கேடு குழியோடு போவதில்லை, தம்பி. பொக்லைன் மரத்தடியில் நாலு முறை போய்வந்தால் மண் இறுகி, வேருக்குக் காற்று கிடைக்காது. மரத்தைச் சுற்றி வேலி போட்ட பிறகே வண்டியை உள்ளே விடு. குழாய்க்கு வெட்டும் பள்ளமும் வேரை அறுக்கும். அதையும் வரைபடத்தில் கேட்டு வாங்கு. பிப்ரவரி முதல் ஜூன் வரை கிளையில் கை வைக்க விடாதே. ஓக் வாடல் நோயைப் பரப்பும் வண்டுகள் பச்சைக் காயத்தைத் தேடி வரும் மாதங்கள் அவை. எந்த மாதம் வெட்டினாலும் உடனே காயத்தில் பெயின்ட் பூச வேண்டும். அங்கே உன் மரத்தைப் போன்ற லைவ் ஓக் வகை மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், நோய் உன் மரத்துக்கு வந்தால் பக்கத்து வீட்டு மரத்துக்கும் போகும்.

உங்கள் ஊரில் நீ அழைத்துப்போய்க் காட்டிய ட்ரீட்டி ஓக் என்ற பழைய மரத்தை நான் மறக்கவில்லை. 1989இல் யாரோ விஷம் ஊற்றி, மூன்றில் இரண்டு பங்கு பட்டுப்போய், மிச்சம் உள்ள ஒரு பங்கோடு நிற்கிற மரம். அது நலம் பெற வேண்டும் என்று ஊரார் வாழ்த்து அட்டை அனுப்பினார்கள் என்று நீதான் சொன்னாய்.

குளத்தை மேற்கு மூலைக்குத் தள்ளு. முப்பதடி நீளம் பாப்பாவுக்கு எதற்கு? இருபது போதும். அங்கே வெயிலும் படும். மரத்தடியில் வைத்தால் மார்ச்சில் பழுத்த இலையும் பூஞ்சரமும் கொட்டித் தண்ணீரை அரித்து அரித்தே உனக்குக் கை ஓய்ந்துவிடும். கையெழுத்துப் போடுமுன், குளம் கட்டுபவரைச் சாராத மர வல்லுநர் ஒருவரை அழைத்துக் காட்டு. மண்ணைக் காற்றால் ஊதி ஒதுக்கி வேரைக் காட்டும் கருவி அவர்களிடம் உண்டு.

சனிக்கிழமை கயிறு பிடித்து அளந்துவிடு. ஒரு முனையைப் பாப்பா பிடிக்கட்டும். ஞாயிறு பேசும்போது எத்தனை அங்குலம் என்று அவளே சொல்லட்டும்.

அன்புடன்,
அப்பா