'அண்ட்' வந்தாலே 'ஆர்' இல்லை மா

அன்புள்ள மகளுக்கு,

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக நீ தயாரித்த ஆங்கில இலக்கணப் பயிற்சித் தாளைப் பார்த்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் மேலே கொட்டை எழுத்தில் "இரண்டு பெயர் வந்தால் 'ஆர்'" என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிட்டு "எழுவாய் யார்?" என்று போடு மா.

அந்த விதியை நம்பிய பிள்ளை "தி டீச்சர், அலாங் வித் தி பியூபில்ஸ்" (பிள்ளைகளோடு ஆசிரியர்) என்று பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு பன்மைக்குரிய 'ஆர்' போட்டுவிடும். அங்கே எழுவாய் டீச்சர் ஒருவர்தான். பினாங்கு மலைக்கு நாற்பது பிள்ளைகள் கூடப் போனாலும் ஒருமைக்குரிய 'இஸ் கோயிங்'தான். 'அஸ் வெல் அஸ்', 'டுகெதர் வித்' எல்லாம் இதே கணக்கு. இதைத் தமிழிலேயே காட்டிவிடலாமே, ஏன் யாரும் காட்டுவதில்லை என்று எனக்கு எப்போதும் ஆதங்கம். "அண்ணனும் தம்பியும் வந்தார்கள்", ஆனால் "அண்ணனோடு தம்பி வந்தான்". 'உம்' சேர்ந்தால் இருவரும் எழுவாய், 'ஓடு' சேர்ந்தால் அண்ணன் ஒதுங்கிவிடுகிறான், வினை தம்பியை மட்டும் பார்க்கிறது. வீட்டில் தினமும் இப்படித்தானே பேசுகிறார்கள். மலாயில் ஒருவர் போனாலும் பத்துப் பேர் போனாலும் 'பெர்கி'தான், வினை மாறாது. மூன்று மொழியும் ஒரே வகுப்பில் ஓடும்போது குழப்பம் வரத்தான் செய்யும், அதைப் பிள்ளையின் மந்தம் என்று யாரையும் சொல்ல விடாதே.

'நெய்தர்', 'நார்' (இவரும் இல்லை, அவரும் இல்லை) வந்தால் வினைக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல். "நெய்தர் தி டீச்சர் நார் தி பியூபில்ஸ் ஆர்". திருப்பிப் போட்டால் "நெய்தர் தி பியூபில்ஸ் நார் தி டீச்சர் இஸ்". முதலாவதுதான் காதுக்கு இதம், அதனால் பன்மையைப் பின்னால் வைத்து எழுதவே பழக்கு. 'எவ்ரி' முன்னால் நின்றால் யோசிக்கவே வேண்டாம், "எவ்ரி பாய் அண்ட் கேர்ள் இஸ்", ஒருமைதான்.

அப்புறம், 'அண்ட்' இருந்தும் ஒருமையாகும் இடம், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபிஷ் அண்ட் சிப்ஸ் ஒரே தட்டில் வரும் ஒரே சாப்பாடு, அதனால் 'இஸ்'. கோயில் கமிட்டி அறிவிப்பில் "தி செக்ரட்டரி அண்ட் டிரெஷரர் இஸ்" என்றால் ஒரே ஆளுக்கு இரண்டு பொறுப்பு. "தி செக்ரட்டரி அண்ட் தி டிரெஷரர்" என்றால் இரண்டு பேர், 'ஆர்'. ஒரு குட்டி 'தி' ஆளையே கூட்டிவிடுகிறது பார்! பலகையில் அந்த 'தி'யை எழுதி எழுதி அழித்துக் காட்டு, பிள்ளைகள் தாங்களாகவே கத்திச் சொல்வார்கள்.

திருத்தியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு முறை பார்த்துத் தருகிறேன். கோலாலம்பூரில் மழை விடவில்லை என்றாய், குடையை மறக்காதே.

அப்பா,
பட்டர்வொர்த்