குஜோ ஹச்சிமான் ஊராருக்கு நன்றி

குஜோ ஹச்சிமான் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 13 இரவு உங்கள் தெருக்களில் விடிய விடிய ஆடிய கூட்டத்தில் நானும் என் மகளும் இருந்தோம். ஜப்பானிய மொழியில் ஒரு மடல் எழுதி, நாங்கள் தங்கிய விடுதிக்கு அனுப்பிவிட்டேன். எங்களுக்கு நீங்கள் செய்ததை எங்கள் ஆட்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் கிஃபு மாநிலத்தின் மலைகளுக்கு நடுவே, யோஷிதா ஆற்றங்கரையில் இருக்கிறது குஜோ ஹச்சிமான். அங்கே நானூறு ஆண்டுகளாக ஆடிவரும் ஆட்டம்தான் குஜோ ஒடோரி. ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் ஆடுவார்கள். முன்னோரை வீட்டுக்கு அழைக்கும் ஒபோன் நாட்களான ஆகஸ்ட் 13 முதல் 16 வரை மட்டும் ஆட்டம் விடியும்வரை நீளும். பெயர் பதியத் தேவையில்லை. நீ எந்த நாடு என்றும் யாரும் கேட்பதில்லை. வட்டத்தில் ஓர் இடைவெளி தெரிந்தால் நுழைந்துகொள்ள வேண்டியதுதான். வேடிக்கை பார்ப்பதற்கான ஆட்டமே இல்லை இது, சேர்ந்து ஆடுவதற்கானது என்று ஊரே சொல்கிறது.

சரி, நுழைந்துவிடலாம். ஆனால் ஆட்டங்கள் மொத்தம் பத்து. ஒவ்வொன்றுக்கும் கையும் காலும் வேறு. இங்கேதான் உங்கள் ஒவ்வொருவரின் உதவியும் வருகிறது.

முதலில் கெதா செய்து தரும் கடைக்காரருக்கு. கெதா என்பது அந்த மரச்செருப்பு. ஹினோக்கி மரக்கட்டை ஒன்றை எடுத்துவைத்து, எங்களையே வார் தேர்ந்தெடுக்கச் சொல்லி, காலை அளந்து பார்த்து, அங்கேயே சுத்தியலால் தட்டி வாரை இறுக்கித் தந்தீர்கள். குதிகால் கட்டைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதுதான் சரியான அளவு என்று சொன்னீர்கள். இரவு முழுக்கத் தார்ச்சாலையில் தட்டித் தட்டி ஆடியபோது, கால் வலித்தாலும் தோல் உரியவில்லை.

விடுதி அம்மாவுக்கு. எனக்கும் மகளுக்கும் யுகாத்தா என்ற பருத்தி உடையைக் கட்டிவிட்டீர்கள். இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை என்று பொறுமையாகச் சொல்லித் தந்தீர்கள். இடுப்புப் பட்டையை நீங்கள் இழுத்து முடிந்த விதத்தில் அது காலை வரை அசையவே இல்லை. அன்று உங்கள் வீட்டிலும் ஒபோன். பூசை வேலைகளுக்கு நடுவே எங்களுக்காக நேரம் ஒதுக்கினீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

மதியம் அருங்காட்சியகத்தில் ஆட்டத்தை ஆடிக் காட்டிய இரண்டு பெண்களுக்கு. கவாசாக்கி என்ற ஆட்டத்தை எங்களுக்காக மெதுவாக, திரும்பத் திரும்ப ஆடினீர்கள். அந்த ஒன்று பிடிபட்ட பிறகுதான் மகளுக்குத் தைரியம் வந்தது.

அப்புறம், வட்டத்தில் எனக்கு முன்னால் ஆடிய பெரியவரே, உங்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும். யகாத்தா என்ற மர மேடையில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியமும் குழலும் மேளமும் பாட்டும் ஒலிக்க, நாங்கள் அதைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தோம். ஹருகோமா என்ற ஆட்டம் தொடங்கியதும் வேகம் கூடியது. குதிரைக் கடிவாளத்தைப் பிடிப்பது போன்ற கையசைவு எனக்கு வரவில்லை. நீங்கள் திரும்பி ஒரு பார்வை பார்த்தீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு அசைவையும் கொஞ்சம் பெரிதாக, பின்னால் இருப்பவளுக்குத் தெரியும்படி ஆட ஆரம்பித்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, என்னை நிறுத்தித் திருத்தவும் இல்லை. உங்கள் முதுகைப் பார்த்தே ஹருகோமாவைக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுப்பதில் இப்படியும் ஒரு வழி உண்டு என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

இளைப்பாறும்போது யாச்சிகு என்ற ஆட்டத்தின் பாட்டைப் பற்றி நீங்கள்தான் சொன்னீர்கள். 1750களில் வரிக்கொடுமையை எதிர்த்து இந்தப் பகுதி விவசாயிகள் எழுந்தார்கள். எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) வரை போய் முறையிட்டார்கள். தலைவர்கள் பலருக்கு மரண தண்டனை கிடைத்தது, இந்தப் பகுதியை ஆண்ட கனமோரி பிரபு குடும்பமும் ஆட்சியை இழந்தது. அந்தக் கதையைத்தான் பாடிக்கொண்டே ஆடுகிறோம் என்றீர்கள். எங்கள் கிராமத்துக் கும்மியிலும் இப்படி ஊர்க்கதை வரும் என்று நான் சொன்னதும் அதைப் பாடிக் காட்டச் சொல்லி, கைதட்டித் தாளம் போட்டீர்களே, அதற்குத் தனி நன்றி.

மேடையில் மாறி மாறி அமர்ந்து இரவு முழுக்கப் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் என் வணக்கம். கடைசி ஆட்டமான மத்சுசக்காவில் வாத்தியங்கள் எல்லாம் நின்று, தாளக்கட்டையும் குரலும் மட்டும் மிஞ்சின. அத்தனை மணி நேரத்துக்குப் பிறகும் அந்தக் குரல் கம்மவில்லை.

வாசலை ஒட்டியே நான்கு இரவுகள் மரச்செருப்புச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரர்களுக்கும், விடிந்ததும் துடைப்பத்தோடு தெருவில் இறங்கியவர்களுக்கும் நன்றி. திருவிழா உங்களால்தான் நடக்கிறது.

நகோயாவிலிருந்து காரில் அழைத்துப்போய், என் சின்ன மகனை இரவெல்லாம் விடுதியில் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும் மாமாவுக்கும்: அடுத்த ஆகஸ்டில் நீங்கள் ஆடுங்கள், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜப்பானில் இருக்கும் மற்ற தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். குஜோவுக்குப் போனால் கேமராவோடு வட்டத்துக்கு நடுவே நிற்காதீர்கள், ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சல். யுகாத்தா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உள்வட்டத்தில், ஊர்க்காரர் ஒருவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள்.

நன்றியுடன்,
நகோயாவிலிருந்து ஒரு தாயும் மகளும்