படம் வரும் முன்பே வந்த பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், ஆதி, ஜீவா என்ற இருவர் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா' இசை இரட்டையரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2015-இல் வந்த 'ஆம்பள', 'தனி ஒருவன்' என்று படங்களை வரிசையாக அடுக்கிய கட்டுரையாளர், அதற்கு முந்தைய கதையை இரண்டே வரியில் முடித்துவிட்டார். இரட்டையர் என்று தலைப்பில் போட்டுவிட்டு ஆதியின் படத்தை மட்டும் அச்சிட்டிருக்கிறீர்கள். ஜீவா எங்கே?

பெரம்பூரில் பல காலம் கேசட் கடை வைத்திருந்தவன் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறு பாட்டு பிடிக்கும். கடைசியில் ஒன்றிரண்டு நிமிடம் மிஞ்சினால் ஏதாவது படத்தின் டைட்டில் இசையைப் போட்டு நிரப்பிவிடுவோம். அந்தச் சீட்டுகளில் சினிமாப் பாட்டு இருக்கும், ஆடி மாதமானால் அம்மன் பாட்டு இருக்கும். இந்த இரண்டிலும் சேராத பாட்டைக் கேட்டு அநேகமாக யாரும் வந்ததில்லை.

2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' என்ற தமிழ் ராப் ஆல்பம் வந்தபோதுதான் இது மாறக் கண்டேன். அதே ஆண்டு சிலம்பரசனின் 'வல்லவன்' படமும் வந்ததால், கேட்டு வரும் பையன்களிடம் "எந்த வல்லவன்?" என்று கேட்க வேண்டியிருந்தது. "படம் இல்லை சார், பாட்டு" என்பார்கள். படமே இல்லாத பாட்டைத் தேடி ஒருவர் கடையேறி வந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது.

கோவைக்காரர்களான ஆதியும் ஜீவாவும் வந்தது இந்தத் தடத்தில்தான். 2011-இல் 'கிளப்புல மப்புல' இணையத்தில் பரவியது. பெண்களைப் பற்றி அந்தப் பாட்டு பேசும் தோரணை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் கதாநாயகன் இல்லை, சுவரொட்டி இல்லை, பாடல் வெளியீட்டு விழா இல்லை. பாட்டு மட்டும் ஊர் ஊராகப் போனது. 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அனிருத் இசையமைத்த 'எதிர்நீச்சல்' படத்தில் ஆதியின் குரல் ஒலித்தது. ஆக, இவர்களுக்கு முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது சினிமா அல்ல. பேர் வாங்கிய பிறகுதான் சினிமா தேடி வந்தது. படங்களுக்கு இசையமைக்கத் தொடங்கிய பிறகும் 'டக்கரு டக்கரு' என்று எந்தப் படத்திலும் சேராத தனிப்பாடல் போட்டார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அது எந்தப் படத்தின் பாட்டு என்ற கேள்வியே எழவில்லை.

தனிப்பாடலில் பணம் இல்லை என்பது வேறு விஷயம். சினிமாப் பாட்டுக்குத் தயாரிப்பாளர் செலவு செய்வார். தனிப்பாடலுக்கு ஒலிப்பதிவு, படப்பிடிப்பு என்று எல்லாச் செலவும் பெரும்பாலும் பாடுகிறவர் தலையில்தான். பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடி 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பல கோடி முறை பார்க்கப்பட்டது. அதிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று அந்தப் பாட்டின் இசைத் தயாரிப்பாளரும் சினிமா இசையமைப்பாளருமான சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கே அந்தக் கதி என்றால், வியாசர்பாடியில் வாடகை அறையில் மைக் வைத்துப் பாடும் பையனை யார் கண்டுகொள்வார்கள்?

வெள்ளிதோறும் வெளியாகும் படங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். வந்த சுவடு தெரியாமல் திங்களன்றே தியேட்டரை விட்டுப் போகும் படங்களுக்கும் அதில் இடம் கிடைக்கிறது. அதில் ஒரு கால் பத்தியை அந்த வாரம் வந்த தனிப்பாடல்களுக்குக் கொடுங்கள். எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர், ஒலிக்கலவை செய்தவர் என்று எல்லார் பெயரையும் போடுங்கள். பாட்டு நன்றாக இல்லையென்றால் அதையும் எழுதுங்கள், தவறில்லை. இரட்டையர் என்றால் மட்டும் தயவுசெய்து இருவர் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கேசட் கடைக்காரர்,
பெரம்பூர், சென்னை.