மாற்றுப் பணியில் சென்ற இடைநிலை ஆசிரியையைப் பள்ளிக்குத் திரும்ப அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்
தலைமை ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
ஆத்தங்குடி, காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்,
சிவகங்கை மாவட்டம்.

வழி: உயர்திரு வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: ஈராசிரியர் பள்ளி – இடைநிலை ஆசிரியை மாற்றுப் பணியில் தொடர்வதால் ஐந்து வகுப்புகளையும் ஒருவரே நடத்தி வருதல் – மாற்றுப் பணி ஆணையை ரத்து செய்யவோ, தகுந்த மாற்று ஏற்பாடு செய்யவோ வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். மேற்கண்ட பள்ளியில் நான் ஒன்பது ஆண்டுகளாகத் தலைமை ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். ஒன்றாம் வகுப்பில் 9, இரண்டில் 6, மூன்றில் 8, நான்கில் 7, ஐந்தில் 8 என மொத்தம் 38 பிள்ளைகள் படிக்கின்றனர். பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் இரண்டு: தலைமை ஆசிரியர் ஒன்று, இடைநிலை ஆசிரியர் ஒன்று. இவற்றுள் இடைநிலை ஆசிரியை கடந்த கல்வியாண்டின் ஆகஸ்டு மாதம் வேறொரு பள்ளிக்கு ஒரு மாத காலத்திற்கு மட்டும் என மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டார். அந்த ஒரு மாதம் காலாண்டுத் தேர்வு வரை என்றும், பிறகு கல்வியாண்டு முடியும் வரை என்றும் நீண்டு, இந்தக் கல்வியாண்டிலும் அப்படியே தொடர்கிறது.

அந்த ஆணையைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் சென்றுள்ள பள்ளியில் பிள்ளைகள் எங்களைவிட அதிகம். ஓய்வு பெற்ற ஆசிரியரின் இடம் அங்கே நிரப்பப்படவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டு பள்ளிகளில் ஒன்றுக்குத்தான் ஆசிரியரைத் தர முடியும் என்ற நிலையில் நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் ஒருவேளை அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் ஒரு மாதத்திற்கு எடுத்த முடிவு ஓராண்டைத் தாண்டும்போது, அதைச் சுமப்பவர்கள் யார் என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவது என் கடமை என்று கருதுகிறேன்.

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும். பதிவேட்டின்படி எங்கள் பள்ளி இந்த விதியை முழுமையாக நிறைவு செய்கிறது. இரண்டு ஆசிரியர்களுக்கும் ஊதியம் இப்பள்ளியின் கணக்கிலேயே வருகிறது, பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்திலும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. பணியிடம் காலியாக இருந்திருந்தால் அது காலிப் பணியிடப் பட்டியலில் ஏறியிருக்கும். இடமாறுதல் கலந்தாய்வில் யாரேனும் அதைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும். அதுவரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் ஒருவரை அமர்த்தக் கேட்டிருக்கலாம். நிரம்பிய பணியிடமாகவே கணக்கில் இருப்பதால் இவற்றுள் எந்த வழியும் எங்களுக்குத் திறக்கவில்லை. ஏட்டில் ஈராசிரியர் பள்ளி, நடப்பில் ஓராசிரியர் பள்ளி.

இதனால் வகுப்பறையில் நேர்வது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். 2022-23 கல்வியாண்டில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கிய பிறகு, எங்களைப் போன்ற ஈராசிரியர் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளை ஓர் ஆசிரியரும், நான்கு, ஐந்து வகுப்புகளை மற்றோர் ஆசிரியரும் கையாண்டு வருகிறோம். முதல் தொகுதியில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு பாடலைச் சேர்ந்து பாடிவிட்டு அரும்பு நிலைப் பிள்ளைக்கு எழுத்தட்டையையும், மொட்டு நிலைக்குச் சொல்லையும், மலர் நிலைக்கு வாசிக்கத் தொடரையும் தந்து, மூவரிடமும் மாறி மாறி உட்கார வேண்டும். இது நல்ல முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இம்முறை நடக்கும். நான் முதல் தொகுதியில் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லாத நேரம். அங்கே போய் வகுத்தல் கணக்கை விளக்கினால், இங்கே எழுத்தட்டைகள் தரையில் கிடக்கும். மேற்படி சட்டத்தின் அட்டவணை ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குக் கல்வியாண்டில் 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது. நாள்களில் குறை இல்லை. பள்ளி ஒரு நாளும் காரணமின்றி மூடப்படவில்லை. ஆனால் நான் ஒருத்தி இரண்டு தொகுதிகளுக்கும் நேரத்தைச் சரிபாதியாகப் பகிர்ந்தாலும் ஒரு தொகுதிக்கு 400 மணி நேரத்திற்கு மேல் கிடைக்காது. அதிலும் வருகையை எமிஸில் ஏற்றுவது, காலை உணவையும் சத்துணவையும் சுவைத்துப் பார்த்துப் பதிவு செய்வது, முட்டைக் கணக்கு, விலையில்லாப் பொருள்களின் கணக்கு ஆகியவற்றுக்கான நேரத்தைக் கழிக்க வேண்டும். எங்கள் ஊரில் கைப்பேசிச் சமிக்ஞை வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும் என்பதால், வருகைப் பதிவு என்பது வகுப்பை விட்டு வெளியே போய் நிற்பதும்தான்.

தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய பணிகளுக்கு ஆசிரியர்களை அழைக்கச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவற்றை நான் என்றும் மறுத்ததில்லை, இனியும் மறுக்கப் போவதில்லை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திற்கு நான் செல்ல வேண்டிய நாள்களில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து பள்ளியைப் பார்த்துக்கொள்கிறார். அன்று அவருடைய பள்ளியில் ஓர் ஆள் குறைகிறது. என் சொந்த விடுப்பைப் பற்றி எழுதுவது முறையாகாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஐயா, இந்த மனுவை எழுத என்னை உந்திய நிகழ்ச்சி கடந்த நவம்பர் மாதத்தில் நடந்தது. மழை பெய்து ஊருணி நிறைந்திருந்த நேரம். முற்பகலில் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி வாந்தி எடுத்தாள். அவளைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று முகம் கழுவிவிட்டு, வாடகை வண்டிக்குச் சொல்லி அவளுடைய அம்மாவுக்கும் பேசிக்கொண்டிருந்தேன். அந்நேரம் சமையல் எரிவாயு உருளை இறக்க வந்தவர்கள் வெளிக்கதவைத் திறந்து வைத்திருந்தனர். நான் வகுப்பறைக்குத் திரும்பி, பிள்ளைகளை உட்கார வைத்து எண்ணியபோது ஒன்றாம் வகுப்பில் ஒரு தலை குறைந்தது. வெளியே ஓடினேன். இரண்டு தெரு தள்ளி, ஊருணியிலிருந்து குடிநீர் எடுத்துக்கொண்டு வந்த பாட்டி ஒருவர் இடுப்பில் குடமும் மறு கையில் அந்தப் பையனுமாக எதிரே வந்தார். “ஒங்க பள்ளிக்கூடத்துப் புள்ளதான டீச்சர்? மூணாவது படியில நின்னு மீனப் பாத்துக்கிட்டு இருந்துச்சு” என்றார். பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு பிள்ளை குறைவதை நான் அறிய ஏறத்தாழப் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. இதைப் பள்ளிக் குறிப்பேட்டில் அன்றே எழுதினேன். பையனின் பெற்றோர் வீட்டிற்குச் சென்று நானே நேரில் சொன்னேன். அவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. அன்று முதல் வெளிக்கதவை உள்ளே பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். பூட்டிய கதவும் பாதுகாப்பல்ல என்பதை நான் அறியாமல் இல்லை. 38 பிள்ளைகள் உள்ள கட்டடத்தின் ஒரே சாவி ஒரே ஆளிடம் இருப்பது வேறொரு நாளில் வேறொரு ஆபத்தாக முடியலாம். இரண்டாவது ஆசிரியர் இருந்திருந்தால் ஒருவர் குழாயடியிலும் ஒருவர் வகுப்பறையிலும் இருந்திருப்போம்.

எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் யார் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். வெளியூர்களிலிருந்து வருவோர் இங்குள்ள பெரிய வீடுகளின் முகப்பையும் பட்டாலை என்னும் கூடத்தையும் பார்த்து வியந்து செல்கின்றனர். அவற்றுள் பல ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடப்பவை. அவற்றைக் காவல் காத்துப் பெருக்கி விளக்கேற்றும் குடும்பங்களின் பிள்ளைகளும், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறைகளில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும்தான் எங்களிடம் படிக்கிறார்கள். வெயில் ஏறும் முன்பே பெற்றோர் வேலைக்குப் போய்விடுவதால் பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 25.8.2023 அன்று எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது இவர்களுக்குப் பெரும் உதவி. பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளை இப்போது பாடத்தில் உட்காருகிறது. உட்கார்ந்த பிள்ளைக்குச் சொல்லித் தர ஆள் வேண்டும்.

கண்ணாடியின் மேல் அச்சு வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு சாயக் கலவையை ஊற்றி இவர்களுடைய அப்பா, அம்மா வார்க்கும் கல்லில் சதுரமும் முக்கோணமும் சமச்சீரும் இருக்கின்றன. வடிவியல் பாடத்தை அந்தக் கற்களை வைத்தே நடத்தலாம் என்று நானும் சென்ற ஆசிரியையும் சேர்ந்து திட்டமிட்டு, பட்டறையில் உடைந்த கற்களைக் கேட்டு வாங்கி ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தோம். சாக்கு இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

பெற்றோரின் மனநிலையும் மாறி வருகிறது. இவ்வாண்டு ஐந்து பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் பெற்று, வேன் வந்து ஏற்றிச் செல்லும் தனியார் பள்ளிக்குப் போய்விட்டனர். ஆங்கில மோகம் என்று இதைத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. கேட்டபோது ஒரு தாய், “ஒத்த டீச்சரா நீங்க எம்புட்டு புள்ளையத்தான் பாப்பீங்க?” என்று சொன்னார்; அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்படியே இன்னும் இரண்டு ஆண்டு சென்றால் சேர்க்கை குறைந்துவிட்டது என்ற காரணத்தால் இரண்டாவது பணியிடமே உபரி என்று சொல்லப்படும் நிலை வரலாம். அப்போது குறைந்தது பிள்ளைகளா, ஆசிரியரா, எது முதலில் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே, மாற்றுப் பணி ஆணையை ரத்து செய்து இடைநிலை ஆசிரியையை எங்கள் பள்ளியிலேயே மீண்டும் பணியாற்றச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதுவே என் முதன்மையான கோரிக்கை. அவருக்கும் திரும்பி வர விருப்பம் உண்டு என்று தொலைபேசியில் தெரிவித்துள்ளார். அந்தப் பள்ளிக்கு வேறு ஏற்பாடு ஆகும் வரை இது உடனே இயலாது எனில், மாற்றுப் பணி நீடிக்கும் காலத்தில் மட்டும் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் ஒருவரை அமர்த்த அனுமதி தரலாம். தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்துத் தகுதித் தேர்விலும் தேர்ச்சி பெற்ற பெண் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். அதற்கும் விதி இடம் தரவில்லை எனில், வாரத்தில் மூன்று நாள் அங்கும் இரண்டு நாள் இங்குமாக ஆசிரியையின் பணியைப் பிரித்துத் தந்தாலும் ஏற்றுக்கொள்வோம். அது அரைகுறை ஏற்பாடுதான். ஆயினும் அந்த இரண்டு நாளில் நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தையாவது முறையாக நடத்திவிட முடியும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதுகுறித்து நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல், வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, தற்போது நான் பின்பற்றும் கால அட்டவணை, நவம்பர் மாத நிகழ்ச்சியைப் பதிந்த குறிப்பேட்டுப் பக்கத்தின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்களோ தங்கள் பிரதிநிதியோ முன்னறிவிப்பின்றி எந்த நாளிலும் பள்ளியைப் பார்வையிடலாம். கதவு உள்ளே பூட்டியிருக்கும், தட்டினால் வந்து திறப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)
தலைமை ஆசிரியை