ஆவி பறக்கிற பாலும் எழும்பாத மாவும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டையும் சர்க்கரையும் பூசிச் சுருட்டிய பன்னிரண்டு சின்னமன் ரோல்களும் ட்ரேயில் ஒன்றையொன்று தொடாமல், வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. "கல் மாதிரி இருக்குப்பா, இனி இந்த வேலையே வேண்டாம்" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த மாவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். எனக்கும் இரண்டு முறை ஆகியிருக்கிறது.

முதல் சந்தேகம் பால் மேல்தான். ஆவி பறக்கிற பாலில் ஈஸ்ட்டைப் போட்டதாக நீயே சொன்னாய். மாவை எழும்ப வைக்கிற ஈஸ்ட் உயிருள்ள பொருள். 38லிருந்து 43 டிகிரி செல்சியஸ் வரை உள்ள பால் அதற்கு இதமாக இருக்கும். 55 டிகிரியைத் தாண்டினால் சாக ஆரம்பிக்கும், 60இல் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் பால் புட்டியை அப்படித்தான் பார்ப்பேன். சுடவும் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. அந்தப் பாலில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து பத்து நிமிஷம் வை. மேலே நுரை கட்டினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நுரை வரவில்லையா, அங்கேயே நிறுத்திவிடு. வீணாகப் போவது கொஞ்சம் பாலும் ஈஸ்ட்டும்தான். அதைக் கவனிக்காமல் மேலே போனால் மாவு, வெண்ணெய், முட்டை, உன் அரை நாள் எல்லாம் போகும்.

இரண்டாவது, மைதா. கையில் ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே இருந்திருப்பாய். எல்லாரும் செய்வதுதான். அது போதாதென்று நீ கப்பால் அளந்திருக்கிறாய். பையிலிருந்து கப்பை அமுக்கி மொண்டால் ஒரு கப் 150 கிராம்கூட வரும். ஸ்பூனால் மெல்லப் போட்டு மேலே வழித்துவிட்டால் அதே கப் 125 கிராம். நான்கு கப்புக்கு 100 கிராம் வித்தியாசம் என்றால், மெத்தென்று வர வேண்டிய மாவு ரொட்டிக்கட்டியாகிவிடும். தயவுசெய்து ஒரு எடை மெஷின் வாங்கிக்கொள். வேறு எந்தச் சாமானும் இதற்கு அவசியமில்லை.

நான் போடும் அளவு இது: மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி, முட்டை ஒன்று, சர்க்கரை 75 கிராம், வெண்ணெய் 80 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒன்றரை டீஸ்பூன். வெண்ணெயை மட்டும் முதலில் போடாதே. கொழுப்பு மாவின் மேல் படிந்துவிட்டால் மாவுக்குள் இழை பின்னுவது கஷ்டம். மற்றதெல்லாம் சேர்ந்து ஒரு உருண்டையாக வந்த பிறகு, மென்மையான வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பிசை. சேர்த்ததும் மாவு நழுவும், பிரியும், கெட்டுப்போய்விட்டது என்றே தோன்றும். விடாதே. அப்புறம் ஒரு எட்டு, பத்து நிமிஷம் பிசைந்தால் தானாகவே வழவழவென்று சேர்ந்து கொள்ளும். எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி இரண்டு கையாலும் மெதுவாக விரித்துப் பார். கிழியாமல், வெளிச்சம் தெரிகிற மெல்லிய சவ்வாக விரிந்தால் போதும். விரல் லேசாக ஒட்டத்தான் செய்யும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி நேரத்தைப் பற்றி. நீ ஒரு மணி நேரம் என்று அலாரம் வைத்திருந்தாய். இனிப்பு மாவு மற்ற மாவு மாதிரி சீக்கிரம் எழும்பாது. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஈஸ்ட் அதோடு போராடித்தான் வேலை செய்ய வேண்டும். குளிரான அறையில் ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகும். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பார். நேரான சுவருள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் மாவை வைத்து, அதன் உயரத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிடு. அது இரண்டு மடங்கு ஆகிற வரை அடுத்த வேலைக்குப் போகாதே. எனக்குப் பிடித்த வழி வேறு: ராத்திரி பிசைந்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது. எட்டு, பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக எழும்பும் மாவுக்கு ருசி கூடும். வெண்ணெயும் இறுகியிருப்பதால் காலையில் சப்பாத்திக் கட்டையால் தேய்ப்பது சுலபம். வேலைக்குப் போகிற உனக்கு இதுதான் சரியாக வரும்.

பட்டையை மாவிலேயே கலந்தால் வாசனை கூடுமே என்று கேட்டிருந்தாய். கலக்காதே. பட்டைக்கு வாசனை தருகிற சின்னமால்டிஹைட் என்ற பொருளே ஈஸ்ட்டை அடக்கி வைக்கும். உள்ளே பூசும் பூரணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் போடு, மாவில் மட்டும் வேண்டாம். பட்டையிலும் இரண்டு வகை இருக்கிறது. தடித்த ஒற்றைச் சுருளாக, உடைக்க முடியாமல் இருப்பது கேசியா. காகிதத்தைப் பல அடுக்காகச் சுருட்டியது போல, விரலால் நொறுக்க முடிவது இலங்கைப் பட்டை. இலங்கைப் பட்டையின் வாசம் மென்மையானது. இவ்வளவு சர்க்கரையோடு மோதி நிற்க கேசியாவின் காரம்தான் சரி என்பது என் கட்சி. ஆனால் அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு நல்லதல்ல. எப்போதோ செய்கிற ரோலுக்குக் கேசியா, நீ தினமும் டீயில் போட்டுக் குடிப்பதற்கு இலங்கைப் பட்டை என்று வைத்துக்கொள்.

பூரணத்துக்கு மென்மையான வெண்ணெய் 70 கிராம், பிரவுன் சுகர் 150 கிராம், பட்டைத் தூள் இரண்டு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை உருக்காதே, உருக்கினால் எல்லாம் வழிந்து ட்ரேயின் அடியில் போய் நிற்கும். மாவை 40க்கு 30 சென்டிமீட்டர் அளவில் தேய்த்துப் பூசிச் சுருட்டு. இறுக்கிச் சுருட்டாதே. இறுக்கினால் நடுப்பகுதி ஓவனில் கூம்பாக மேலே தள்ளிக்கொண்டு வரும்.

வெட்டுவதற்குக் கத்தி வேண்டாம், நூல்தான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆறு வயதில் நாற்காலி மேல் ஏறி நின்று நீ ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாய், நான் மறுமுனை. சுருளுக்கு அடியில் நூலைக் கொடுத்து, மேலே குறுக்காக மாற்றி இழுப்போம். ஒவ்வொரு வட்டம் விழும்போதும் எண்ணுவாய். பன்னிரண்டு வந்ததும் கைதட்டுவாய். கத்தி மாவை நசுக்கிவிடும், நூல் நசுக்காது என்று நான் விளக்கியது அப்போது உன் காதில் விழுந்திருக்காது. இப்போது சொல்கிறேன், காரணம் அவ்வளவுதான். ஒரே ஆளும் இரண்டு முனையையும் பிடித்து இழுக்கலாம்.

வெட்டியதும் ட்ரேயில் சின்ன இடைவெளி விட்டு அடுக்கி மூடி வை. நேற்று நீ இதைச் செய்யவே இல்லை, நேராக ஓவனுக்குள் தள்ளிவிட்டாய். அறையில் வைத்த மாவுக்கு முக்கால் மணி நேரம் போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவு என்றால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். விரலால் லேசாக அழுத்திப் பார். பள்ளம் உடனே மறைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக, பாதி அளவு எழுந்தால் ஓவனில் வை. எழவே இல்லையென்றால் தாமதித்துவிட்டாய், உடனே உள்ளே தள்ளு. 180 டிகிரியில் 22லிருந்து 25 நிமிஷம். ஓரத்து ரோல் சிவந்ததை நம்பாதே, நடுவில் இருப்பதைப் பார். அதன் உள்ளே 88லிருந்து 90 டிகிரி வந்திருந்தால் வெந்துவிட்டது.

மேலே பூச கிரீம் சீஸ் 100 கிராம், வெண்ணெய் 50, ஐசிங் சுகர் 100, வெனிலா கொஞ்சம். பாதியைச் சூட்டிலேயே பூசு, உருகி அடுக்குக்குள் இறங்கும். மீதியைப் பத்து நிமிஷம் கழித்துப் பூசு, அது மேலே நிற்கும். இந்த இனிப்பு உனக்கு அதிகம் என்றால் விட்டுவிடலாம். 1999 முதல் அக்டோபர் 4ஆம் தேதியை இதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிற ஸ்வீடன்காரர்கள் மேலே கிரீம் பூசுவதே இல்லை. மாவில் ஏலக்காய் போட்டு, மேலே உடைத்த கற்கள் போன்ற சர்க்கரையைத் தூவி விட்டுவிடுவார்கள். ஏலக்காயை ஒரு முறை நானும் போட்டுப் பார்த்தேன், அதன் பிறகு போடாமல் செய்ததே இல்லை.

மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைக்காதே, அங்கே சீக்கிரம் வறண்டுவிடும். ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வை. வேலை முடிந்து களைத்து வருகிற அன்று ஒன்றை எடுத்துச் சூடாக்கிக்கொள்.

சனிக்கிழமை ராத்திரி மாவைப் பிசைந்து வைத்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு. காலையில் நூலைக் கையில் எடுக்கும்போது வீடியோ காலில் கூப்பிடு. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. நீ வெட்டு, நான் எண்ணுகிறேன்.

அன்புடன்,
அப்பா