அமுக்குனா காசு போகுமா? எமர்ஜென்சி பட்டன் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

விழுந்தாலோ முடியலன்னாலோ அமுக்கி உதவி கூப்பிடுற மெடிக்கல் அலர்ட் பட்டன வயசானவங்களுக்கு விக்கிற, அத மானிட்டர் பண்ற கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள்ல ஒருத்தருக்கு மூணு வருஷமா மாசம் தவறாம பணம் கட்டிட்டு இருக்குற ஒரு மகள் எழுதுறேன். எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்ல. வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சாறு எடத்துல விசாரிச்சேன், விலை சொல்ற விஷயத்துல எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுனாங்க, அதனால இது ஒருத்தர் மேல புகார் இல்ல, உங்க எல்லாருக்கும் சேத்துத்தான்.

அம்மாவுக்கு 79 வயசு. அப்பா போனதுக்கப்புறம் தனியா இருக்காங்க, எங்கூட வந்துருங்கன்னு எத்தனையோ தடவ கூப்ட்டாச்சு, அவங்க வீட்ட விட்டு வரமாட்டேன்னுட்டாங்க. சரி, கழுத்துல இதையாவது போட்டுக்கங்கன்னு பட்டன் வாங்கிக் குடுத்தேன். போன வருஷம் ஒரு நாள் காலைல ஆறு மணி வாக்குல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு எதுவும் ஒடையல, ஆனா எந்திரிக்க முடியல. அந்த நேரத்துல பட்டன் பெட்ரூம் அலமாரி கைப்பிடில தொங்கிட்டு இருந்துச்சு. ஒம்பதரைக்கு நான் போன் பண்ணி, எடுக்கலன்னு திரும்பத் திரும்பப் பண்ணி, பயந்துபோய் சாவி வச்சிருக்குற பக்கத்து வீட்டு அக்காவ ஓடிப்போய்ப் பாக்கச் சொன்னேன். அவங்க போய்ப் பாக்குறப்போ அம்மா ஒருக்களிச்சுப் படுத்து, எட்டுன ஒரே ஒரு டவல இழுத்து மேல போத்திக்கிட்டு நடுங்கிட்டு இருந்திருக்காங்க. சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றப்பவும் தரையில டைல்ஸ் சேர்ற கோடு அவங்க முழங்கைல அப்படியே பதிஞ்சு இருந்துச்சு.

ஏம்மா பட்டன் போடலன்னு அன்னிக்கு நான் கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே சொன்னாங்க. "ஒரு நாள் ராத்திரி தூக்கத்துல அது தானா அமுங்கிருச்சும்மா. ஒரு பொண்ணு பேசுச்சு, ஆம்புலன்ஸ் அனுப்பவான்னு கேட்டுச்சு, வேணாம்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் பாத்தா பணம் ஜாஸ்தியா எடுத்திருக்காங்க. ஒரு தடவ பட்டதுக்கே இவ்ளோன்னா, நெசமாவே அமுக்குனா எவ்ளோ போகும்? உனக்கு ஏன் தண்டச் செலவுன்னு கழட்டி வச்சுட்டேன்."

நான் பில் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். அமுக்குனதுக்கு நீங்க ஒண்ணும் எடுக்கல. சேந்தப்போ குடுத்த ஆறு மாச ஆஃபர் அந்த மாசத்தோட முடிஞ்சு வழக்கமான கட்டணத்துக்கு ஏறியிருக்கு, அவ்ளோதான். ஆஃபர் முடியுதுன்னு ஒரு மெசேஜ் இல்ல, ஒரு லெட்டர் இல்ல, ஒப்பந்தத்துல பத்தாவது பக்கத்துல எங்கயோ பொடி எழுத்துல இருந்துச்சு. அந்த ஒரு வரி பெரிய எழுத்துல அம்மா கைல இருந்திருந்தா அவங்க மூணரை மணி நேரம் ஈரத் தரையில கெடந்திருக்க மாட்டாங்க. உங்களுக்கு இது பில்லிங் விஷயமா இருக்கலாம், ஆனா விலைய மறைச்சு வைக்கிறது உங்க மெஷின் வேலை செய்யாமப் போறதுக்குச் சமம், இத நான் கோவத்துல மட்டும் சொல்லல.

விழுறதுங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, விளம்பரத்துல நீங்களே சொல்றீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி வருஷத்துக்கு 6,84,000 பேர் விழுந்து சாகுறாங்க, அதுல அதிகம் பேர் 60 வயசு தாண்டினவங்க, மருத்துவம் பாக்குற அளவுக்கு அடிபட்டு விழுறது மட்டும் வருஷத்துக்கு 3.7 கோடி தடவைக்கு மேல. விழுறப்போ படுற அடி ஒரு பக்கம்னா, விழுந்தபடியே கெடக்குறது தனி ஆபத்துன்னு டாக்டர் சொன்னப்போதான் எனக்குத் தெரிஞ்சுது. ஒரே பக்கம் உடம்போட பாரம் முழுக்க அழுந்தி மணிக்கணக்கா கெடந்தா தசை செதஞ்சு அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்குமாம், அழுந்துன எடத்துல தோல் செத்து புண்ணு வரும், உடம்பு சூடு எறங்கும், தண்ணி இல்லாம வறண்டு போகும், நுரையீரல்ல சளி கட்டி நிமோனியா வரைக்கும் போகலாம். அம்மாவுக்கு மூணு நாள் ட்ரிப்ஸ் ஏத்தி கிட்னிக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டே இருந்தாங்க. நல்ல வேளை, தப்பிச்சாங்க.

இதையும் கேளுங்க. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல 90 வயசு தாண்டினவங்கள ஒரு வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2008-ல ஒரு ஆய்வு வந்துச்சு. விழுந்தவங்கள்ல 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதுக்கு மேலயோ தரையில கெடந்திருக்காங்க. பட்டன் நெறைய பேர்கிட்ட இருந்திருக்கு, ஆனா ரொம்ப நேரம் கெடந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அத அமுக்கவே இல்ல. நம்மளே எந்திரிச்சுக்கலாம்னு நெனைக்கிறது, அடுத்தவங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்ங்கற கூச்சம், தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரில போட்டுருவாங்கங்கற பயம், இப்படி அமுக்காததுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஏற்கனவே இவ்ளோ தயங்குறவங்க மனசுல "காசு போகுமோ"ங்கற இன்னொண்ணையும் நீங்க ஏத்தி வைக்காதீங்க.

இப்ப கணக்குக்கு வரேன். விளம்பரத்துல பெருசா ஒரே ஒரு நம்பர்தான் இருக்கும், "மாசம் இவ்ளோ மட்டும்". அது போதாதுன்னு "ஒரு நாளைக்கு இவ்ளோதான்"னு முப்பதால வகுத்து வேற சொல்வீங்க. நான் ஒரு நோட்டுல முதல் வருஷம் கட்டுன எல்லாத்தையும் எழுதிக் கூட்டி பன்னெண்டால வகுத்தேன், விளம்பரத்துல இருந்தத விட ஒன்றரை மடங்குக்கு மேல வந்துச்சு. எப்படின்னா ஆக்டிவேஷனுக்கு தனியா ஒரு தொகை, அனுப்புற செலவு தனி, விழுந்தா தானா கண்டுபிடிச்சு கூப்பிடுற ஃபால் டிடெக்‌ஷனுக்கு மாசாமாசம் தனி, வீட்டுக்கு வெளியயும் வேலை செய்யணும்னா ஜிபிஎஸ் வச்ச வேற மாடல், அதுக்கு வேற பிளான், பட்டன் தொலஞ்சா ஒடஞ்சா மாத்தித் தர ஒரு பாதுகாப்புத் திட்டம் அது தனி, கதவு பூட்டியிருந்தா வர்றவங்க உள்ள போக சாவி வைக்கிற பொட்டி அதுவும் தனி. ஒவ்வொண்ணும் பாக்க சின்னத் தொகைதான், போன்ல பேசுற ஆள் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல நம்மளும் சரி சரின்னு சொல்லிட்டே போவோம், அம்மா உயிர் விஷயத்துல பேரம் பேசவா தோணும்?

இதுல ஃபால் டிடெக்‌ஷன தனியா விக்கிறதுதான் எனக்கு ஜீரணிக்கவே முடியல. விழுந்து மயக்கமாயிட்டா, இல்ல பக்கவாதம் வந்து கை வரலன்னா, பட்டன எப்படி அமுக்குறது? தானா கண்டுபிடிச்சு கூப்பிடுற வசதி யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களாலதான் அமுக்க முடியாது. அது எல்லா வீழ்ச்சியையும் கண்டுபிடிக்காது, மெதுவா சரிஞ்சு உக்காந்தா தெரியாமப் போகலாம், டக்குனு சோஃபால உக்காந்தா விழுந்துட்டாங்கன்னு நெனச்சுக்கலாம், அதெல்லாம் எனக்குத் தெரியும். அதையும் வாங்குறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டு அடிப்படைக் கட்டணத்துலயே சேத்துருங்க. கட்டணத்த கொஞ்சம் கூட்டிக்கங்க, பரவாயில்ல. ஒரே நம்பரா சொல்லுங்க.

மாசக் கட்டணமே வேணாம்னு நானும் பாத்தேன், அதையும் சொல்லணும். கட்டணம் இல்லாத பட்டன் இருக்கு, அமுக்குனா நாம போட்டு வச்ச நாலஞ்சு நம்பருக்கு வரிசையா போன் போகும். ஒரு தடவ வாங்குனா முடிஞ்சுது. ஆனா நான் மீட்டிங்ல போன சைலன்ட்ல போட்டிருந்தா? ராத்திரி ரெண்டு மணிக்கு தம்பி அசந்து தூங்கிட்டு இருந்தா? ஸ்மார்ட்வாட்ச்லயும் விழுந்தா கண்டுபிடிக்கிற வசதி இருக்கு, ஆப்பிள் வாட்ச்ல 2018-லயே வந்துருச்சு. ஆனா பெரும்பாலும் தினமும் சார்ஜ் போடணும், அம்மா மாதிரி ஆளுங்க ராத்திரி கழட்டி சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்குவாங்க, இருட்டுல பாத்ரூம் போக எந்திரிக்கிற அந்த நேரத்துலதான் கைல வாட்ச் இருக்காது. நல்லா நடமாடுற, போன் பழகுன 65 வயசுக்காரருக்கு வாட்ச் போதும்னுதான் நெனைக்கிறேன். அம்மாவுக்குப் போதாது. அவங்களுக்கு எந்த நேரம் அமுக்குனாலும் மறுபக்கம் முழிச்சிருக்குற ஒரு ஆள் வேணும், "என்னம்மா ஆச்சு"ன்னு கேட்டு, பக்கத்து வீட்டு அக்காவ கூப்பிடலாமா ஆம்புலன்ஸ் வேணுமான்னு முடிவு பண்ற ஆள். அந்த ஆளுக்குத்தான் நான் மாசாமாசம் பணம் கட்டுறேன், மனசாரத்தான் கட்டுறேன். ஒரு ஆஸ்பத்திரி வாசத்துக்கு ஆன செலவுல எத்தனையோ வருஷத்துக்கு இந்தக் கட்டணம் கட்டியிருக்கலாம். அதனால வெல கொறைங்கன்னு கேக்க வரல.

இன்னொரு செலவு பத்தி யாரும் பேசுறதே இல்ல. 2022-ல அமெரிக்காவுல 3ஜி நெட்வொர்க்க நிறுத்துனப்போ அத நம்பியிருந்த அலர்ட் மெஷின்லாம் மாத்த வேண்டியதாப் போச்சு. பிரிட்டன்ல பழைய போன் லைன எடுத்துட்டு டிஜிட்டலுக்கு மாத்திட்டு இருக்காங்க, அங்கயும் பழைய லைன்ல ஓடுற பட்டன் மாத்துன லைன்ல ஓடுமாங்கறது பெரிய கவலையா இருக்கு, கரண்ட் போனா பேட்டரி இல்லாத டிஜிட்டல் போனும் சேந்து போயிரும். எந்த ஊர்ல நெட்வொர்க் மாறுனாலும் இதே கதைதான். மாத்துற செலவு யாருது? மெஷின் உங்களுது, நாங்க வாடகைக்குத்தான் வச்சிருக்கோம்னு ஒப்பந்தத்துல எழுதுறீங்க, அப்ப நெட்வொர்க் போனா மாத்தித் தர்றது உங்க பொறுப்புன்னும் அதே ஒப்பந்தத்துல எழுதுங்க.

எங்க பெரியம்மா விஷயம் சொல்லாம இத முடிக்க மனசு வரல. அவங்களும் வேற ஒரு கம்பெனி பட்டன்தான் போட்டிருந்தாங்க. அவங்க தவறுனதுக்கு அப்புறமும் ரெண்டு மாசம் பணம் போயிட்டே இருந்துச்சு. அவங்க பையன், எங்க அண்ணன், போன் பண்ணி அம்மா இறந்துட்டாங்கன்னு சொன்னா, ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு, மெஷின திருப்பி அனுப்புங்க, சர்ட்டிஃபிகேட் அனுப்புங்க, வேற டிபார்ட்மென்ட்டுக்கு மாத்தி விடுறேன்னு அலைக்கழிச்சிருக்காங்க. மெஷின் வந்து சேரலன்னா முழு வெலையும் எடுப்போம்னு லெட்டர் வேற. அண்ணன் அந்தப் பட்டன அட்டப் பொட்டில வச்சு டேப் ஒட்டுறப்போ அதோட கயித்துல பெரியம்மாவோட நரச்ச முடி ஒண்ணு சிக்கியிருந்துச்சாம். அத எடுத்துட்டு ஒட்டவா, அப்படியே ஒட்டவான்னு தெரியாம உக்காந்திருந்தேன்னு சொன்னாரு. ஆள் இறந்துட்டா, இல்ல முதியோர் இல்லத்துக்கு மாறிட்டா, தெரிவிச்ச அன்னியோட கட்டணம் நிக்கணும். உங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் ஒரு நாள் இப்படித்தானே உங்கள விட்டுப் போகப்போறாங்க, அதுக்கு ஒரு வழிய முன்கூட்டியே வச்சிருக்க வேண்டாமா?

அதனால நான் கேக்குறது, விளம்பரத்துல மாசக் கணக்கு போடுற எடத்துலயே மூணு வருஷத்துக்கு மொத்தம் எவ்ளோ ஆகும்னு எல்லாத்தையும் கூட்டி ஒரே தொகையா போடுங்க, ஆஃபர் முடியுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி பட்டன் போட்டிருக்குறவங்களுக்கே போன் பண்ணி அவங்க பாஷைல மெதுவாச் சொல்லுங்க, மகளுக்கு ஈமெயில் அனுப்பிட்டோம்னு விட்டுராதீங்க. நிறைய எடத்துல ஆம்புலன்ஸ் வந்தா அதுக்குத் தனியா பணம் கட்டணும், நீங்க அதுக்குப் பொறுப்பில்லன்னாலும் அதையும் தெளிவாச் சொல்லிட்டு, மொதல்ல வீட்டு ஆளுங்களுக்கோ பக்கத்து வீட்டுக்கோ சொல்ற வசதி இருக்குன்னும் சொல்லுங்க, ரொம்ப பேருக்கு அது தெரியவே தெரியாது. மாசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணச் சொல்லி நீங்களே கூப்பிடுங்க, சும்மா அமுக்கிப் பழகட்டும். ராத்திரி தெரியாம அமுங்குனப்போ பேசுன அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல, நல்லாத்தான் பேசியிருக்கு, "தப்பா அமுங்குனாலும் பரவாயில்லம்மா, இதுக்கு காசு எடுக்க மாட்டோம்"னு ஒரு வார்த்த சேத்துச் சொல்ல நீங்க அதுக்கு சொல்லிக் குடுக்கல.

அம்மா இப்ப பட்டன கழட்டுறதில்ல, குளிக்கிறப்பவும் கழுத்துலதான் கெடக்கு. ஆனா போன மாசம் கூட "அமுக்குனா காசு எடுக்க மாட்டாங்கல்ல?"ன்னு திரும்பக் கேட்டாங்க. நான் ஒரு ஸ்டிக்கர்ல "அமுக்குனா காசு இல்ல"ன்னு எழுதி பட்டனுக்குப் பின்பக்கம் ஒட்டி விட்டேன், தண்ணி பட்டு ரெண்டு வாரத்துல எழுத்து அழிஞ்சுருச்சு. அத அழியாம நீங்களே அச்சடிச்சுக் குடுங்க.